அறுபது விழுக்காடு

வலங்கைமானுக்குத் தெற்கே
மோட்டார் கொட்டகை மேல் நட்ட கம்பத்தில்
பொறி சுழல்கிறது.
வாஸ்லின் தடவிய கண்ணாடித் துண்டு
ராத்திரி முழுக்கக் காற்றை நக்கி வைத்திருக்கிறது.
ஐந்தே முக்காலுக்கு ஏறிக் கழற்றுகிறேன்.
மார்கழியில் விரல் மரத்துப்போகும்.

நுண்ணோக்கியின் கீழே
மகரந்தம், புகைக்கரி, ஏதோ பூச்சியின் சிறகுச் செதில்.
பிறகு அவை:
பேரிக்காய் போல, குறுக்கே இரண்டு கோடு.
நேற்று நான்கு. இன்று முப்பத்தொன்று.

இலை நனைந்திருந்தது பதினோரு மணி நேரம்.
வெப்பம் இருபத்திரண்டு.
வாடை, மணிக்கு ஆறு கிலோமீட்டர்.
கணினிக்குக் கொடுத்தால்
வரைபடத்தில் ஒரு மஞ்சள் நாக்கு நீள்கிறது,
வெட்டாறு தாண்டி, ரயில் பாதை தாண்டி,
எனக்குப் பெயர் தெரியாத நாலு வாய்க்கால் தாண்டி.
காற்றுக்கு அடங்கல் எழுதிய கணக்குப்பிள்ளை
இதுவரை பிறக்கவில்லை.

ஏழு மணிக்குக் குறுஞ்செய்தி போகிறது
நானூற்றுப் பன்னிரண்டு பேருக்கு:
குலை நோய் வாய்ப்பு அறுபது விழுக்காடு.
நான்கு நாளுக்குள் மருந்து தெளிக்கவும்.

ஏழே காலுக்குச் செபமாலைமுத்து கூப்பிடுகிறார்.
ஒன்பது மா, குத்தகை, பி.பி.டி. நெல், பூக்கும் தருணம்.
"வருமா வராதா, ஒண்ணு சொல்லுங்க மேடம்."
அறுபது, என்றேன்.
"மிச்ச நாப்பதை யாருகிட்ட வாங்குறது?"

மருந்து, கூலி, தெளிப்பான் வாடகை.
போனிலேயே கூட்டுகிறார். ஐயாயிரத்துச் சொச்சம்.
பின்னால் குக்கர் விசில் அடிக்கிறது,
அதையும் சேர்த்துக்கொண்டு மறுபடி முதலிலிருந்து.

தெளித்தார்.
நான்கு நாள் போயிற்று. பத்து நாள் போயிற்று.
கதிர் கழுத்து ஒடியாமல் பால் பிடித்தது.
பேருந்து நிறுத்தத்தில் பார்த்து
"உங்க காத்து வரவே இல்லியே" என்றார்,
பாதிச் சிரிப்பில்.
வந்தது, நீங்கள் தடுத்தீர்கள் என்று சொல்லியிருக்கலாம்.
வராமலே இருந்திருக்கவும் கூடும்.
அறிய வேண்டுமானால்
ஒரு வயலைத் தெளிக்காமல் விட்டிருக்க வேண்டும்.

விட்டிருந்தேன்.
கொட்டகைக்குப் பின்னால் ஐந்து குழி,
மருந்தே காட்டாத ஒப்பீட்டுத் தாக்கு.
அங்கே இலையெல்லாம் கண்,
சாம்பல் நடு, பழுப்பு இமை.
கதிர்கள் வெளுத்து, எடையில்லாமல்
நிமிர்ந்து நின்றன.

கூட்டிப்போய்க் காட்டினேன்.
வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை.
பதர்க்கதிர் ஒன்றை உருவி உள்ளங்கையில் வைத்து ஊதினார்.
வாடை போன பக்கமே அதுவும் போயிற்று.

"அப்ப இது யாரோட வெள்ளாமை?"

பதிவேட்டில் அந்தத் தாக்குக்குக் கட்டங்கள் உண்டு:
நாள், ஈரம், வித்துக் கணக்கு,
குழிக்கு எத்தனை கிராம்.
அவர் கேட்டதற்குக் கட்டம் இல்லை.
மேலே ஏறித் துண்டை மாற்றினேன்.