இடம் வலம்

புந்தா அரேனாஸ். படகுச் சீட்டு அலுவலகம்.
பதினான்கு வயதுக் கணினியின் முதுகில்
தூசிக்குள் இன்னொரு துளை இருந்தது, வெள்ளையாய்.
நீலத் தலைக் கேபிள் அதில் ஏறவில்லை.
ஓர் அடாப்டருக்காகக்
காற்றில் குனிந்தபடி கடைக்குப் போய்வந்தாள் நெவென்கா.

திருகினாள். இருட்டு.
மறுபடி திருகினாள்.
முதல் திரை சொன்னதையே
இரண்டாவதும் சொன்னது.
நீட்டு என்றாள், நீண்டது.

ஆனால் இடப்பக்கம் வைத்த திரையை
வலப்பக்கம் என்றே நம்புகிறது கணினி.
அம்புக்குறி வலது விளிம்பில் மறைந்து
இடக்கோடியில் முளைக்கிறது,
ஜலசந்தி வழியே மேற்கே போன கப்பல்
கிழக்கிலிருந்து வருகிற மாதிரி.

திருத்த இரண்டு சொடுக்கு போதும்.

போர்வெனீருக்கு ஒரு சீட்டு என்கிறார் ஒருவர்,
கையில் கோழிக்கூண்டு.
வெளியே படகு ஊதுகிறது.
அவர் பெயரை வலப்பக்கம் தள்ளிவிட்டு
இடப்பக்கம் பார்த்திருக்கிறாள்.