நாற்பத்திரண்டாவது ஆணி

உம்முல் குவைனில்,
உப்புத்தரை முடிகிற இடத்தில் அந்த விடுதி.
ஊரின் பெயரிலேயே ஓர் அம்மா இருந்தாள்.
வீட்டுக்குள் இல்லை.

காப்பாளர் அத்தீக்காவை
மாமா என்று கூப்பிடச் சொன்னார்கள்.
அரபியில் மாமா என்றால் அம்மாவாம்.
முதல் வாரம் சிரித்தோம்.
பிறகு கூப்பிட்டோம்.

நாங்கள் நாற்பத்தொரு பேர்.
தாள் இல்லாமல் பிறந்தவர்கள்,
தாளோடு பிறந்து தொலைத்தவர்கள்,
விமான நிலையத்தில் மிச்சமானவர்கள்.
வந்த அன்றே இலாகா ஆள் மைப்பெட்டி திறந்து
குதிகாலில் முத்திரை குத்துவான்.
அங்கிருந்து நிழல் வழிந்து இறங்கும்,
ஈரத்துணி போல, கொஞ்சம் டீசல் வாடையோடு.
எனக்குக் கிடைத்தது
யாரோ வளர்ந்த பையனுடையது.
முழங்காலில் மடித்துத் தைத்துத் தந்தார்கள்.

இரவில் நிழலைக் கழற்றி
ஏசி மோட்டார் அறையில்
அவரவர் ஆணியில் மாட்டிவிட்டுத் தூங்கவேண்டும்.

சலேத் வந்தது ஒரு வெள்ளிக்கிழமை.
இலாகாவுக்கு விடுமுறை.
சனிக்கிழமை மை காய்ந்திருந்தது.
ஞாயிற்றுக்கிழமை, அவள் வந்ததே மறந்துபோயிருந்தது.

அத்தீக்கா முகங்களை எண்ணமாட்டாள்.
முகம் அசையும், அழும், ஏதாவது கேட்கும்.
அஸர் நேரத்தில், வெயில் சாய்ந்ததும்,
சுவரோரம் எங்களை நிறுத்திவிட்டுச்
சுவரை எண்ணுவாள்.
நாற்பத்தொரு நிழல், நாற்பத்தொரு தட்டு.
என் பக்கத்தில் நின்ற சலேத்துக்குப் பின்னால்
சுண்ணாம்பு மட்டும் இருந்தது.

அவள் என்ன சாப்பிட்டாள் என்று
எனக்குச் சரியாகத் தெரியாது.
நாங்கள் வேண்டாமென்று வைத்த குபூஸ் ஓரங்கள்.
ஒரு பேரீச்சங்கொட்டையை
நாள் முழுவதும் வாயில் உருட்டுவாள்.
ஒருமுறை காயலில் பூநாரைகளைக் காட்டி,
"ஏல, அதுக கால் தண்ணிக்குள்ளல்லா இருக்கு,
நெழலு நனைஞ்சிராதா?" என்றாள்.
தூத்துக்குடிப் பேச்சு.
அம்மாவிடமிருந்து அவளிடம் தங்கியது அது ஒன்றுதான்.

மோட்டார் அறையில்
நாற்பத்திரண்டாவதாக ஓர் ஆணியைத்
தானே அடித்துக்கொண்டாள், செருப்பால்.
தினமும் பாவாடை நுனியால் துடைப்பாள்.
அந்தக் கடற்காற்றிலும் அது மட்டும் துருப்பிடிக்கவில்லை.

பிறகு அந்தப் புழுதிக்காற்று.
மூன்று நாள் சூரியன்
கழுவாத தட்டைப் போல மேலே கிடந்தது.
சுவரில் ஒருவரும் விழவில்லை.
அத்தீக்கா எண்ணினாள். மறுபடி எண்ணினாள்.
பேரேட்டில் பூஜ்யம் எழுதிச்
சமையலறையைப் பூட்டினாள்.
நாற்பத்தொரு பேரும் சத்தம் போட்டோம்.
இல்லாதவர்களின் சத்தம் அவளுக்குக் கேட்கவில்லை.

இரண்டாம் ராத்திரி
சலேத் தன் தலையணை உறையை அவிழ்த்தாள்.
ஓடாய்க் காய்ந்த குபூஸ்,
எங்கள் பல் பதிந்த ஓரங்கள்.
பைப் தண்ணீரில் நனைத்து நனைத்து,
ஒவ்வொரு முகமாகப் பார்த்துக் கொடுத்தாள்.
"நீ ரெண்டு மட்டம் வந்துட்டல்லா"
என்று என்னை மட்டும் பிடித்தாள்.
அப்புறம் அதையும் கொடுத்தாள்.

நாலாம் நாள் வெயில் வந்தது.
சுவர் நிறைந்தது, சமையலறை திறந்தது.
பருப்பும் சோறும்.
குனிந்த தலை நிமிராமல் தின்றோம்.
அவள் வாசலில் நின்றாள்.

என் நிழலின் மடிப்பை அவிழ்த்தால்
இரண்டு பேருக்குத் தாராளமாகக் காணும்.
பெரிய தையல்தான், பல்லால் இழுத்தாலே வரும்.
அன்று அஸரில் அதை நினைத்தேன்.
மறுநாளும் நினைத்தேன்.
கை என்னவோ கால்சட்டைப் பையிலேயே இருந்தது.

அவள் எப்போது போனாள் என்று பேரேட்டில் இல்லை.
வந்ததே இல்லையே.

இப்போது அஜ்மானில் ஒரு டைப்பிங் சென்டரில்
விசாத் தாள் நிரப்புகிறேன்.
யார் வந்து நின்றாலும்
முதலில் தரையைத்தான் பார்க்கிறேன்.

போன வாரம் முழங்கால் உறுத்தியது.
பிளேடு எடுத்து அந்தத் தையலைப் பிரித்தேன்.
உள்ளே ஒரு பேரீச்சங்கொட்டை,
உருட்டி உருட்டி வழவழப்பானது.

அந்த மடிப்புக்குள் எவ்வளவு இடம் என்று
அவளுக்குத் தெரிந்தே இருந்திருக்கிறது.