தொகுதி எண் 114

என் நாக்குக்குத் தனியாகச் சம்பளம் உண்டு.
மே கடைசியில் தொடங்கி ஆகஸ்ட் பாதிவரை
காவேரிப்பட்டணம் சாலைக் கூழ் ஆலையில்
நாளைக்கு அறுபது கரண்டி மாம்பழம்.
விழுங்குவதில்லை.
சுழற்றித் துப்பிவிட்டு நோட்டில் எழுதுவேன்:
இனிப்பு சரி. புளிப்பு கூடுதல். தேறும்.
அந்த மாதங்களில் வெங்காயம் கிடையாது, வெற்றிலை கிடையாது,
பீடி பிடிப்பவர் பக்கத்தில் நின்றால்
காற்று பார்த்து இடம் மாறுவேன்.

இன்று கொதிகலன் ஆறிவிட்டது.
கடைசி கன்டெய்னரும் துறைமுகத்துக்குப் போய்விட்டது.
ஜூனில் ராட்டர்டாமிலிருந்து வந்த கொள்முதல்காரர்
கைகுலுக்கும்போது கொடுத்துப்போன சுருட்டை
மாதிரி பாட்டிலில், ஈரப்பஞ்சோடு,
ஒன்பது வாரம் காப்பாற்றி வைத்திருந்தேன்.
நிகரகுவா என்றார்.
இடுப்பில் சிவப்பும் பொன்னுமாய் ஒரு காகிதப் பட்டை.
விலையை அவர் சொல்லவில்லை,
செல்போன் சொன்னது. என் இரண்டு நாள் கூலி.

எடைமேடை அறையின் மொட்டைமாடி.
எதிரே கோட்டைமலை, பாதி இருட்டு.
நகவெட்டியால் நுனி கிள்ளினேன்.
காற்றுக்கு மூன்று தீக்குச்சி செத்தபின்
நான்காவது பிடித்தது.

புகையை விழுங்கக் கூடாதாம்,
வாயில் வைத்திருந்து விட்டுவிட வேண்டுமாம்.
இதை எனக்கா சொல்ல வேண்டும்!

முதலில் மிளகு.
அது அடங்கியதும் வறுத்த புளியங்கொட்டை,
புதுச்செருப்புக் கடையின் உட்புறம்,
களி கிளறிய சட்டியின் அடி.
ஒரு விரற்கடை எரிந்தபின், யாரும் எதிர்பார்க்காமல்,
கொஞ்சம் தேன்.

இதற்குத் துணையாக எதைக் குடிப்பது?
ஏரிக்கரை முனியப்பனுக்கு இந்தக் குழப்பமே இல்லை,
சுருட்டென்றால் சாராயம், தீர்ந்தது.
நானோ வரிசையாக டம்ளர் வைத்து உட்கார்ந்திருக்கிறேன்.

டாஸ்மாக் பிராந்தி. இரண்டும் ஒரே நேரத்தில் கத்தின.
மோர். துப்பிவிட்டேன்.
சர்க்கரை போடாத டிக்காஷன் பரவாயில்லை,
ஆனால் ஒரே கட்சிக்கு இரண்டு வக்கீல்
மாறிமாறி வாதாடுகிற மாதிரி.
ஏற்றுமதித் தரத்து அல்போன்சா,
நானே கையெழுத்துப் போட்டு அனுப்பியது,
புகைக்கு முன்னால்
மனப்பாடம் மறந்த பிள்ளைபோல் நின்றது.

அலமாரியில் இன்னும் ஒன்று இருந்தது.
114.
ஜூன் பத்தொன்பது இரவு நீராவி வால்வு சிக்கி
நான்கு நிமிடம் கூடுதலாக வெந்த பெங்களூரா.
'கருகல். தள்ளுக.'
இரண்டே வார்த்தை எழுதினேன்.
பதினோரு டிரம் சாக்கடைக்குப் போயிற்று,
கொதிகலன் திம்மராயனுக்கு எட்டு நாள் சம்பளம் போயிற்று,
அடுத்த வாரம் திம்மராயனும் போய்விட்டார்.

மூடி திறந்து, பானைத் தண்ணீர் விட்டுக் கலக்கி
ஒரு வாய்.
ஒரு இழுப்பு.
மறுபடி ஒரு வாய்.

கருகலும் கருகலும்
சம்பந்திகள் மாதிரி முறைத்துக்கொண்டு நின்று
பிறகு சிரித்துவிட்டன.
அடியிலிருந்து பழம் எழுந்து வந்தது,
மரத்தில் வெயில் பட்ட பக்கம்.
விழுங்கினேன்.
இந்தப் பருவத்தில் நான் விழுங்கிய முதல் மாம்பழம்.

டோல்கேட் விளக்குகள் மாடியிலிருந்து தெரியும்.
அங்கேதான் இப்போது அவருக்கு வேலை.
போன் போட்டு, வாங்க என்று மட்டும் சொன்னேன்.
ஷிப்ட் முடிந்து பத்தரைக்கு
டிவிஎஸ் எக்ஸ்எல் சத்தம் கேட்டது.
அணைந்த சுருட்டை மறுபடி பற்றவைத்து நீட்டினேன்.
டம்ளரையும்.

திம்மராயன் இழுத்தார். குடித்தார்.
என்னைப்போலவே கன்னத்துக்குக் கன்னம் சுழற்றினார்.
கைப்பிடிச் சுவருக்கு வெளியே எட்டித் துப்பினார்.

"கருகல்தான் சார்."

நோட்டை நான் கொண்டுவந்திருந்தேன்,
பேனாவும்.
அவர் இரண்டையும் பார்க்கவில்லை.
சுருட்டைத் திருப்பித் தரவுமில்லை.
பட்டையைக் கழற்றி மோதிரமாய் விரலில் மாட்டிக்கொண்டு,
நெடுஞ்சாலையில் லாரி போவதைப் பார்த்தபடி,
சாம்பல் உதிராமல்
இழுத்துக்கொண்டே இருந்தார்.