படகுக் கணக்கு

ரியூசன் முடிந்து சைக்கிள்கள் எல்லாம்
கஸ்தூரியார் வீதிக்குள் கரைந்துவிட்டன.
தகரக் கொட்டிலில் நாங்கள் நாலு பேர்,
பலகையில் சேர் அழிக்காமல் விட்டுப்போன ஒரு ஆறு.

ஆற்றின் வேகம் மூன்று. படகின் வேகம் ஐந்து.
நேரெதிர்க் கரைக்கு எந்தத் திசையில் செலுத்த வேண்டும்?

எனக்கு விடை தெரியும்.
போன தவணை தொண்ணூற்றாறு எடுத்தவள் நான்.
எழுதும்போது இடது முழங்கையை
வேலியாக வளைத்துக்கொள்வேன்.
புலமைப்பரிசில் சோதனைக்குக் கட்டிய வேலி;
ஊரார் வருசம் ஒருக்காவாவது பிரித்து அடைப்பார்கள்,
நான் பிரித்ததே இல்லை.

"ஏன் அந்தக் கோணம்?" என்றாள் ஷிஃபானா.
"சைன் தீற்றா, ஐந்தில் மூன்று."
"அது தெரியும். ஏன்?"

வாயைத் திறந்தேன். சூத்திரம் வந்தது.
திரும்பவும் அதே சூத்திரம் வந்தது.
அதற்குப் பின்னால் ஒன்றுமில்லை என்பதை
அவளோடு சேர்ந்துதான் நானும் கண்டேன்.

கடைசி வாங்கில் றொமேசியன்,
எப்போதும் முப்பத்தைந்தில் கரை ஒதுங்குகிறவன்:
"யாழ்ப்பாணத்தில ஆறு எங்கையடி?"
சிரித்தோம். அவன் சிரிக்கவில்லை.
"குருநகரில இருந்து மண்டைதீவுக்கு விடு.
நீரோட்டம் இழுக்கேக்க தீவைப் பாத்து ஓடினா
தீவுக்குப் போகமாட்டாய்.
அணியத்தைக் கொஞ்சம் எதிராப் பிடி.
அந்தக் கொஞ்சம்தான் உன்ர கோணம்."

கொம்பாஸ் பெட்டி படகானது.
ஷிஃபானாவின் அடிமட்டம் நீரோட்டமானது.
முதல்தரம் மேசை விளிம்பில் கவிழப் பார்த்தது.
மறுதரம் சரிந்தபடியே நேராகப் போனது.
எனக்கு மயிர் கூச்செறிந்தது.
ஒரு முக்கோணத்துக்கா?
ஓம், ஒரு முக்கோணத்துக்கு.

பேந்து அவன் என் கொப்பியைக் கேட்டான்.
"கடல் தெரியும். எழுதத் தெரியேல்லை."
முழங்கை தானாக வளைந்தது.
அவன் கை நீட்டியபடியே இருந்தான்.

கொடுத்தேன்.
மூன்றாவது வரியில் கோகுலரமணன் விரலை வைத்தான்:
ஒரு கழித்தல் குறி பிழை.
ஐந்தாவது வரியில் இன்னொன்று.
இரண்டும் ஒன்றையொன்று வெட்டி
விடை மட்டும் சரியாக வந்திருந்தது.
தொண்ணூற்றாறுக்குள் இத்தனை நாளும் ஒளிந்திருந்தவை.

கரண்ட் போனது.
போன் வெளிச்சத்தில் நாலு தலைகள் முட்டிக்கொண்டன.
சுவரில் விழுந்த நிழலில்
எந்தக் கை எவருடையதென்று தெரியவில்லை.

சோதனை மண்டபத்தில் தனித்தனி மேசைதான்.
ஆறோ ரயிலோ மழையோ, எது வந்தாலும்
"அது தெரியும். ஏன்?" என்று
ஒருத்தி என் காதுக்குள் இருப்பாள்.

ஆறாம் கணக்கு இன்னும் வரவில்லை.
திறப்புக் கோர்வையோடு வாசலில் காவலாளி.
"அஞ்சு நிமிசம் அண்ணை,"
நாலு பேரும் ஒரே நேரத்தில்.