நான்காவது எண்

முதல் தடவை ஓடவிட்டபோது
கடல் முழுக்க ஒரே நீலம்,
பெயின்ட் கடை அட்டையில் ஒரு சதுரம் மாதிரி.
நிறவரிசை ஒன்றைச் சேர்த்தேன்.
ஆழமெல்லாம் கத்தரிக்காய் ஆனது,
மேடெல்லாம் எலுமிச்சை.

மண்டபத்தில், ஐஸ் கம்பெனி மாடியில்,
தரை சதா நடுங்கும் அறை.
மர்சூக்கின் படகு பதினோரு நாள்
கோடு கோடாய் ஓடி அளந்த ஆழங்கள் மேசையில்:
கரையோரம் அரைப் பாகம்,
பார் தாண்டினால் மூன்று, நாலு.
எண்பது வரிசை, அறுபது நிரல்.
பைத்தான் அதைப்
பாயை உதறுவது போல் விரித்துப் போடுகிறது.

ஆழத்துக்கு எதற்கு நிறம்?
பள்ளமே சொல்கிறதே ஆழத்தை.
நனைந்துகொண்டு நிற்பவனிடம்
மழை பெய்கிறது என்பானேன்.
நிறத்துக்கு வேறு வேலை கொடுக்க நினைத்தேன்,
எங்கே என்ன முளைக்கிறது என்று சொல்லும் வேலை.

ஃபேஸ்கலர்ஸ் என்று எழுதிச் சமக்குறி போட்டால்
ஒவ்வொரு கட்டமும் கை நீட்டுகிறது.
கட்டத்துக்கு நாலு எண்:
சிவப்பு எவ்வளவு,
பச்சை எவ்வளவு,
நீலம் எவ்வளவு,
கடைசியாக
எவ்வளவு தெரியலாம்.

பாசியின் நிறம் கேட்கப்
பஞ்சவர்ணத்தை வரச் சொன்னேன்.
(பெயருக்காகத்தான் கூப்பிட்டாயா என்றான் மர்சூக்.)
விரலில் சுற்றிய துணியை அவிழ்க்காமலே
திரையைத் தொட்டாள்.
கட்டக்கோரை?
"ஆறிப்போன டிகாஷன்."
மரிக்கொழுந்து?
"காஞ்சா ஒண்ணு, தண்ணிக்குள்ள ஒண்ணு. எது வேணும்?"
தண்ணிக்குள்ள.
"தண்ணிக்குள்ள நான் நிறம் பாக்குறதில்ல.
கை பாக்கும்."

எப்படியோ ஒத்துப்போனோம்.
கட்டக்கோரைக்குப் புள்ளி நாலு, புள்ளி மூன்று, புள்ளி ஒன்று.
கஞ்சிப்பாசிக்கு அதைவிடக் கொஞ்சம் வெல்லம்.
செத்த பாருக்குச் சாம்பல் என்றேன்,
வெள்ளை என்றாள், வெள்ளையே வைத்தேன்.
மிச்சம் மணல்.

வரிசையை நிரலாக்கிவிட்டேன் போல,
சிவப்பு எழுத்தில் கத்தியது.
திருப்பிப் போட்டேன்.
வந்தது, ஆனால் எல்லா நிறமும் கருகி.
ஒரு பக்கமிருந்து வெயில் அடிக்கிறதாம்,
சரிவுக்குத் தக்கபடி நிழல் கட்டுகிறதாம்.
ஷேட் ஈக்வல் டு ஃபால்ஸ்.
வெயில் அணைந்தது.
நாங்கள் சொன்ன நிறம் சொன்னபடி நின்றது.

அவள் மவுஸைப் பிடித்துக்
கடலைச் சுழற்றினாள்.
அடியிலிருந்து பார்த்தாள், பக்கவாட்டில் பார்த்தாள்,
தீவுக்குத் தெற்கே ஒரு குழிவில் நிறுத்தினாள்.
மரிக்கொழுந்து நிறத்தில் ஆறு கட்டம்.

"இதை யாரெல்லாம் பாப்பாக?"
மெட்ராஸ் ஆபீஸில் என்றேன்.
பிறகு
வனத்துறையிலும் என்றேன்.
கீழே ஒரு பாளம் விழுந்து உடைந்தது.
"இது தெரிய வேணாம்."

நான்காவது எண்ணைப் பூஜ்யமாக்கினேன்.
ஆறு கட்டமும் காணோம்.
கடலில் ஓட்டை,
ஓட்டைக்குள் காகித வெள்ளை.
அதன் பிறகு எனக்கே
வேறெங்கும் கண் போகவில்லை.
"பல்லு விழுந்த வாய்" என்றாள்.
"எல்லாரும் அங்கதான் பாப்பாக."

சரி என்று
பக்கத்து மணலின் நாலு எண்ணையும் எடுத்து
அந்த ஆறிலும் ஒட்டினேன்.
முழுசாகத் தெரிகிறது இப்போது.
ஆழத்தில் கை வைக்கவில்லை,
அது மர்சூக் அளந்தது.
பள்ளம் பள்ளமாகவே இருக்கிறது,
மணல் என்று சொல்லிக்கொண்டு.

அவள் போனாள். நாளைக்குக் கச்சான் காற்றாம்,
வேலை இருக்காதாம்.
நான் சேமித்து, மறுபடி திறந்து,
மேலிருந்து வாசித்துப் பார்த்தேன்.
வரிக்கு வரி குறிப்பு எழுதி வைப்பது என் வழக்கம்,
இது கோரை, இது பார், இது மணல் என்று.
ஒரு வரிக்கு மட்டும்
எழுதவில்லை.