முப்பத்துநான்கு

குளிர்காலம் முழுக்க எங்கள் சாப்பாட்டு மேசையில்
இரண்டு அல்பேனியாக்கள் கிடந்தன.
என்னுடையது வழவழப்பான தாள்:
எட்டு நாள், ஏழு காலை உணவு,
குளிரூட்டிய பேருந்து, வழிகாட்டி, காப்பீடு.
பிரேபனுடையது மடிப்பில் கிழிந்த வரைபடம்,
நெடுகப் பென்சில் கேள்விக்குறிகள்.

மந்தை, என்றான்.
கிறுக்கு, என்றேன்.
நாற்பத்தொரு வருடத்தில் இவ்வளவு சுருக்கமாக
நாங்கள் சண்டை போட்டதே இல்லை.

ஓடென்ஸவில் ஆலங்கட்டி பெய்த ஒரு ஞாயிறு
ரொட்டிக்கு வெண்ணெய் தடவிக்கொண்டே சொன்னான்:
நீ உன் வழியில் வா, நான் என் வழியில் வருகிறேன்,
ஐந்தாம் நாள் ஜிரோகாஸ்டரில் பார்த்துக்கொள்வோம்.
விளையாட்டுக்குச் சொல்கிறான் என்று நினைத்து
சரி என்றேன்.
விளையாட்டுக்குச் சொல்கிறேன் என்று நினைத்து
அவனும் டிக்கெட் எடுத்தான்.

என் இருக்கை எண் பதினேழு.
வழிகாட்டி லுல்யேதா வெயிலிலும்
மஞ்சள் குடையை உயர்த்திப் பிடிப்பாள்.
ஒவ்வொரு முறை ஏறியதும்
ஆட்காட்டி விரலால் காற்றில் எங்கள் தலைகளைத்
தொட்டுத் தொட்டு வருவாள்.
உதடு மட்டும் அசையும்.
முப்பத்துநான்கு வந்ததும் கதவு மூடும்.

பெராத்தில் குன்று முழுக்க ஜன்னல்கள்.
அதில் ஒன்றில் ஒரு பெண்
போர்வையை உதறத் தொடங்கினாள்.
அவள் உதறி முடிப்பதற்குள்
எங்கள் இருபது நிமிடம் முடிந்துவிட்டது.

கழிப்பறை நன்றாக இருந்தது,
அதையும் சொல்லத்தான் வேண்டும்.
முழங்கால் வீங்கியவளுக்கு
ஒரு நாட்டின் பாதி அழகு அதுதான்.

இரவில் பிரேபனின் குறுஞ்செய்தி வரும்.
'ஜிரோகாஸ்டர் போகுமா என்று கேட்டேன்.
ஓட்டுநர் தலையை இடவலமாக ஆட்டினார். இறங்கிவிட்டேன்.
இங்கே அதற்கு ஆமாம் என்று அர்த்தமாம்.'

மறுநாள்:
'நாய் துரத்தியது.
நாய்க்காரர் பீன்ஸ் சூப் கொடுத்தார்.'

அதற்கு மறுநாள்:
'மழை. விடுதி பூட்டிக் கிடக்கிறது.
ஒரு பல் மருத்துவர் வீட்டு சோபாவில் படுத்திருக்கிறேன்.
என் கடைவாய்ப் பல்லைப் பார்த்துக் கவலைப்பட்டார்.'

கஞ்சி போட்ட விரிப்புக்கு அடியில்
இதை மூன்று முறை படித்தேன்.
இன்று ஆம்லெட், என்று எழுதி
அழித்தேன்.

ஜிரோகாஸ்டரில் எங்களுக்கு நாற்பது நிமிடம்.
செங்குத்தான கல் தெருவின் கீழ்ப்படியில்
உட்கார்ந்திருந்தான்.
மூக்குத் தோல் உரிந்திருந்தது,
ஒரு செருப்பின் வாரைச் சணல் கட்டிக் காப்பாற்றியிருந்தான்.
பல் மருத்துவர் கதையை மீண்டும் முதலிலிருந்து சொன்னான்,
பாதியில் நிறுத்தி
பேருந்தைப் பார்த்தான்.

அந்த இருக்கை சாயுமா?
சாயும்.
உள்ளே குளிர்ச்சியா?
ம்.

அவ்வளவுதான் பேச்சு.
முதுகுப்பையைக் கழற்றி நீட்டினான்.
ஈரமும் வெங்காயமும் மணக்கும் அந்தச் சுமைக்கு
முழங்கால் என்ன சொல்லுமோ என்று
நான் அதைக் கேட்கவில்லை.
கழுத்திலிருந்த பெயர் அட்டையைக் கழற்றி
அவனுக்கு மாட்டிவிட்டேன்,
மாலை போடுவது போல.

தெருவோரத்தில் நின்று பார்க்கிறேன்.
கண்ணாடிக்குப் பின்னால் லுல்யேதாவின் விரல்
வரிசை வரிசையாக வருகிறது,
பதினேழில் நிற்கிறது.
என் பெயரை நெஞ்சில் நேராக்கிக்கொண்டு
பிரேபன் ஜன்னலுக்கு வெளியே பார்ப்பதாக நடிக்கிறான்.
அவள் குனிந்து
என்னைப் பார்க்கிறாள்.

தலையை இடவலமாக ஆட்டினேன்.

உதடு அசைந்தது.
முப்பத்துநான்கு.
கதவு மூடியது.

பேருந்து வளைவில் திரும்பியபின்
வரைபடத்தை விரித்தேன்.
இந்த ஊருக்கு அப்பால்
அவன் ஒரு கேள்விக்குறிகூடப் போட்டிருக்கவில்லை.
தெருவின் மேல்முனையில் படுத்திருந்த நாயொன்று
சோம்பல் முறித்து
எழுந்து நின்றது.