விதானம்

இருபது கொண்டை ஊசிகளும் இறங்கி
சேலம் பெரிய ஆஸ்பத்திரி வாசலுக்கு வந்தபோது
இரவு ஒன்பதே முக்கால்.
மிளகுச் சாக்குகளுக்கு நடுவே
சின்னராயன் உட்கார்ந்தே வந்திருந்தான்.
படுத்தால் மூச்சு இல்லை.

நாகலூர்ப் பக்கத்து எஸ்டேட்டில்
சில்வர் ஓக்கில் சாத்திய ஒற்றை மூங்கில் ஏணி
மதியமே ஒடிந்ததாம்.
ரத்தம் சிந்தவில்லை, எலும்பு முறியவில்லை,
கஞ்சி குடித்துவிட்டுப் படுத்துவிட்டான்.
"வலி தோள்லதானுங்க."
இடது தோள்.
எண்ணெய் தேய்த்துவிட்ட மாதேவியின் கையில்
இன்னும் அந்த வாசனை.

இடது நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்தேன்.
மூச்சின் ஓசை இல்லை.
கடமுடவென்று
பசித்தவன் வயிறு மாதிரி ஏதோ உருண்டது.

கௌதமனுக்குப் பயிற்சியில் மூன்றாவது மாதம்.
நெஞ்சுக்குக் குழாய் போட
விலா எண்ணி, கத்தியைப் பிரித்தாயிற்று.
"நிறுத்து!"
நூருன்னிசா மேடம் சத்தம் போட்டு
ஆறு வருடத்தில் நான் கேட்டது அது ஒன்றுதான்.
மூக்கு வழியே விட்ட குழாய்
எக்ஸ்ரேயில்
நெஞ்சுக்குள் சுருண்டு கிடந்தது.
இதயம் வலப்பக்கம் ஒதுங்கி நின்றது,
விருந்தாளிக்குப் பாய் விட்டுக்கொடுத்தவனாய்.
குத்தியிருந்தால் இரைப்பையைக் குத்தியிருப்போம்.

உதரவிதானம்.
பரீட்சைக்கு மனப்பாடம் செய்தபோது வெறும் ஏழெழுத்து.
வயிற்றுக்கு மேற்கட்டித் துணி,
நெஞ்சுக்கு அதுவே தரை.

மயக்கம் கொடுப்பது என் வேலை.
பையை அழுத்தி ஊதக் கூடாது;
ஊதினால் இரைப்பை உப்பும்,
மிச்ச நுரையீரலும் நசுங்கும்.
உட்கார்ந்தபடியே மருந்து.
சாய்த்ததும் மூச்சுக்குழலுக்குள் குழாய்.
நாற்பது நொடி.
நானும் மூச்சுவிடவில்லை என்று
ஸ்டெல்லா சிஸ்டர் பிறகு சொன்னார்.

நடுவயிற்றைத் திறந்தால்
குடித்தனம் காலிசெய்த வீடு.
மேடம் கையை மேலே விட்டு
ஒவ்வொன்றாக இறக்கினார்:
ஒரு முழம் பெருங்குடல்,
கீறல் விழுந்த மண்ணீரல்,
கடைசியில் இரைப்பை,
நெரிபட்டு, நாவற்பழமாய்க் கறுத்து.
வெந்நீர்த் துணி சுற்றிக் காத்திருந்தோம்.
யாரோ ஏசியைத் திட்டினார்கள்.
பத்தாவது நிமிடம்
கொய்யாச் சதையின் நிறம் திரும்பியது.
வெட்ட வேண்டாம்.

கிழிசல் உள்ளங்கை நீளம்.
அதன் வழியே இதயம் தெரிந்தது,
தன் பாட்டுக்கு வேலை பார்த்துக்கொண்டு.
வளைந்த ஊசி. கரையாத நீல நூல்.
"நிறுத்து" என்பார், இப்போது மெதுவாக.
வென்டிலேட்டரை நிறுத்துவேன்.
துணி அசையாமல் நிற்கும், ஊசி போகும்.
"விடு."
பதினொரு தையல்.
பதினொரு முறை
ஒருவன் மூச்சு என் விரல் நுனியில் நின்றது.
அவன் ஏணியில் நின்றது ஒற்றைக் காலிலாம்.

கடைசி முடிச்சுக்கு முன்
ஈரக் காகிதமாய் ஒட்டிக்கிடந்த நுரையீரல்
ஓரத்திலிருந்து விரிந்தது.
"கௌதமா, இப்போ போடு குழாயை."
பாட்டில் தண்ணீரில் குமிழி வந்தது,
இன்னொன்று வந்தது.

விடியற்காலை
மாதேவி கட்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.
"தோள்ல வலின்னாரு. வயித்தைக் கிழிச்சிருக்கீங்க?"
கழுத்திலிருந்து ஒரு நரம்பு இறங்கி
அந்தத் துணியைப் பிடித்திருக்கிறது,
கிழிந்தால் தோள்தான் கத்தும் என்றேன்.
தலையாட்டினாள்.
முந்தானை முடிச்சை அவிழ்த்தாள், கட்டினாள்.

"ஏணி எஸ்டேட்டோடதுங்க.
ரெண்டா ஒடிஞ்சிருச்சு.
கூலியில பிடிப்பாங்களா?"

கௌதமன் தரையைப் பார்த்தான்.